ஆலை வாசலில் ஒரு பந்தல்

 

இன்றைய பேச்சு ஒரு சின்ன ஊரைப் பற்றியது. ஊரின் பெயர் பிளாச்சிமடா. கேரள மாநிலம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. ஆந்திராவிலும் ஒரு சித்தூர் உண்டு. அது வேறு, இது வேறு. பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போய்த் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் பிளாச்சிமடா வந்துவிடும். அங்கே மலையாளமும் கேட்கும், தமிழும் கேட்கும்.

பிளாச்சிமடா பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. பெருமாட்டி என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். கதையின் பாதி அங்கேதான் நடக்கிறது.

கேரளா என்றாலே மழை என்று நினைக்கிறோம். சித்தூர்ப் பக்கம் அப்படி இல்லை. அங்கே மழை குறைவு. கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு. நெல், தென்னை, நிலக்கடலை என்று விவசாயம் செய்தார்கள். எரவாளர், மலசர் என்ற பழங்குடி மக்கள் அங்கே நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் கூலி வேலைதான்.

இந்த ஊருக்கு 1999ஆம் ஆண்டு ஒரு பெரிய கம்பெனி வந்தது. இந்துஸ்தான் கோக்கோ கோலா கம்பெனி. குளிர்பானம் தயாரிக்கும் ஆலை கட்ட 34 ஏக்கர் நிலம் வாங்கியது. ஆலை நடத்த வேண்டுமானால் பஞ்சாயத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அதுதான் லைசென்ஸ். 1999 அக்டோபரில் கம்பெனி விண்ணப்பம் கொடுத்தது. 2000 ஜனவரி 25ஆம் தேதி பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸ் கொடுத்துவிட்டது. மார்ச் மாதம் ஆலை ஓடத் தொடங்கியது.

பஞ்சாயத்து ஏன் உடனே கொடுத்தது? காரணம் எளிது. ஊரில் வேலை இல்லை. ஆலை வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்கும். பஞ்சாயத்துக்கு வரி வரும். அந்தப் பணத்தில் ரோடு போடலாம், தெருவிளக்கு போடலாம். எந்தப் பஞ்சாயத்தாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருக்கும். ஆனால் ஒரு கேள்வியை அன்றைக்கு யாரும் அழுத்திக் கேட்கவில்லை. ‘இந்த ஆலைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? அதை எங்கிருந்து எடுப்பீர்கள்?’

குளிர்பானம் என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். சர்க்கரை, வாசனை, நிறம், கேஸ் எல்லாம் அதற்குப் பிறகு. பாட்டில் கழுவவும் தண்ணீர் வேண்டும். ஆலை வளாகத்தில் ஆழமாகப் போர் போட்டு மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 5 லட்சம் லிட்டர் எடுத்ததாகக் கணக்கு. அதைவிட மிக அதிகம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். 5 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம்.

சிலேட்டை எடுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடத்தில் 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 5 லட்சத்தை 15ஆல் வகுத்தால் 33,333 குடம். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 10 குடம் போதும் என்றால், 3,333 வீடுகளுக்கு ஒரு நாள் தண்ணீர். அதை ஓர் ஆலை ஒரே நாளில் எடுத்தது. மறுநாளும் எடுத்தது. அதற்கு மறுநாளும் எடுத்தது.

‘அவர்கள் இடத்தில் அவர்கள் போர் போட்டார்கள். அடுத்தவர் கிணற்றுக்கு என்ன?’ என்று சிலர் கேட்பார்கள். ஓர் இளநீரில் இரண்டு பேர் குழல் போட்டுக் குடிப்பதாக நினைத்துப் பாருங்கள். ஒருவர் குழல் நீளம், இன்னொருவர் குழல் குட்டை. நீளக் குழல்காரர் வேகமாக உறிஞ்சினால் குட்டைக் குழலில் வெறும் காற்றுதான் வரும். மண்ணுக்கு மேலே வேலி உண்டு. மண்ணுக்கு அடியில் தண்ணீருக்கு வேலி இல்லை.

ஆலை ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் சுற்றியிருந்த காலனிகளில் பேச்சு எழுந்தது. முதலில் பேசியவர்கள் பெண்கள். பேசாமல் இருப்பார்களா? தண்ணீர் சேந்துவது அவர்கள்தானே! கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்குகிறது என்றார்கள். இருக்கிற தண்ணீரும் பழைய தண்ணீர் மாதிரி இல்லை. சோறு சரியாக வேகவில்லை. பருப்பு கரையவில்லை. குளித்தால் உடம்பு அரிக்கிறது. குடித்தால் வயிறு சரியில்லை.

தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகமானால் அது கடின நீர் ஆகிவிடும். கடின நீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தபோது இவை மிக அதிகமாக இருப்பது தெரிந்தது. ஆக, பெண்கள் அடுப்படியில் கண்டுபிடித்ததைத்தான் பிறகு சோதனைச்சாலையும் சொன்னது.

அந்தப் பெண்களில் ஒருவர் மயிலம்மா. எரவாளர் இனத்தைச் சேர்ந்தவர். ஆலைக்கு எதிரே விஜயநகர் காலனியில் குடியிருந்தார். கூலி வேலை செய்தவர். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. கிணறு கெட்டுப்போனதும் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிப் பேசினார். பிறகு காலனி காலனியாகப் பேச்சு பரவியது. விவசாயிகளும் சேர்ந்தார்கள். வெளியூரிலிருந்து பழங்குடி அமைப்புகளும் வந்தன. போராட்டக் குழு ஒன்று உருவானது.

2002 ஏப்ரல் 22ஆம் தேதி, ஆலை வாசலுக்கு எதிரே ஒரு பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கேரளப் பழங்குடித் தலைவர் சி.கே. ஜானு வந்து போராட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஓலை வேய்ந்த சாதாரணப் பந்தல். ஆலை கேட்டைத் தாண்டி லாரி போகும், வரும். எதிரே பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. மாதக்கணக்கு, பிறகு வருடக்கணக்கு.

இப்படி உட்கார்ந்திருப்பது எளிது என்று நினைக்காதீர்கள். கூலிக்காரர் ஒருவர் பந்தலில் ஒரு நாள் உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விட்டது. அடுப்பு எரியாது. ஊர்வலம் போனபோது போலீஸ் பலரைக் கைது செய்தது. பெண்களையும் கைது செய்தது. ஊரிலேயும் எல்லோரும் ஒரே பக்கம் இல்லை. ஆலையில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். ‘ஆலையை மூடினால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?’ என்று அவர்கள் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். அதற்குப் பந்தலில் இருந்தவர்களிடம் முழுப் பதில் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர்களிடம் இருந்தது குடிக்க முடியாத ஒரு குடம் தண்ணீர்.

பெரிய கட்சிகளும் ஆரம்பத்தில் எட்டித்தான் நின்றன. மழை குறைந்ததால்தான் கிணறு வற்றியது, தங்கள் ஆலையால் இல்லை என்று கம்பெனி சொன்னது. அந்த வருடங்களில் மழை குறைந்ததும் உண்மைதான். ஆனால் மழை குறைந்த ஊரில் இவ்வளவு தண்ணீர் இறைக்கலாமா என்பதுதான் ஜனங்களின் கேள்வி.

பஞ்சாயத்து என்ன செய்தது? தொடக்கத்தில் ஒன்றும் செய்யவில்லை. லைசென்ஸ் கொடுத்ததே அதுதானே! தன் கையால் கொடுத்ததைத் தானே தப்பு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. வரி வேறு வந்துகொண்டிருந்தது. ஆனால் பந்தல் பஞ்சாயத்தின் கண்ணெதிரே இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஓட்டுப் போட்டவர்கள். காலனிகளுக்கு லாரியில் தண்ணீர் அனுப்ப வேண்டிய நிலை வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

லைசென்ஸுக்குக் காலக்கெடு உண்டு. வண்டி ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்கிறோம் அல்லவா, அதுபோல ஆலை லைசென்ஸையும் புதுப்பிக்க வேண்டும். பெருமாட்டி பஞ்சாயத்து கொடுத்த லைசென்ஸ் 2003 மார்ச் மாதக் கடைசியில் முடிந்தது. கம்பெனி புதுப்பிக்கச் சொல்லி மனு கொடுத்தது.

2003 ஏப்ரல் 7ஆம் தேதி பஞ்சாயத்து கூடியது. அப்போது தலைவர் ஏ. கிருஷ்ணன். ‘ஆலை நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கிறது. அதனால் ஊரில் குடிதண்ணீர்ப் பஞ்சம். சுற்றுப்புறமும் கெடுகிறது. பொதுமக்கள் நலன் கருதி லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது’ என்று தீர்மானம் போட்டார்கள்.

தீர்மானம் என்றால் என்ன? கூட்டத்தில் எல்லோரும் பேசி முடிவெடுத்து, அதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. திண்ணையில் பேசிய பேச்சுக்குக் கணக்கு இல்லை. பதிவேட்டில் ஏறிய தீர்மானத்தைக் கோர்ட்டும் படித்துப் பார்த்தாக வேண்டும். பெருமாட்டி பஞ்சாயத்து அத்தோடு நிற்கவில்லை. சட்டப்படி கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பிப் பதில் கேட்டது. பதில் திருப்தியாக இல்லை. மே 15ஆம் தேதி புதுப்பிக்க மறுத்து உத்தரவு போட்டது. அதே மாதத்தில் அரசு மருத்துவத் துறையும் அந்தக் கிணறுகளின் தண்ணீர் குடிக்க ஏற்றது இல்லை என்று எழுத்தில் தெரிவித்தது.

ஒரு சின்னக் கிராமப் பஞ்சாயத்து. எதிரே உலகம் முழுவதும் வியாபாரம் செய்யும் கம்பெனி. அவர்களுக்கு வக்கீல்களுக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சாயத்துக்கோ வரவேண்டிய வரியும் போய், கோர்ட் செலவும் வந்து சேர்ந்தது. அப்படியும் பின்வாங்கவில்லை. இந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதற்கிடையில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ஆலையின் கழிவுச் சேறு இருக்கிறதே, அதை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். விவசாயிகளும் நம்பி வயலில் போட்டார்கள். 2003 ஜூலையில் லண்டன் பி.பி.சி. வானொலிக்காரர்கள் அந்தச் சேற்றை எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். அதில் ஈயமும் காட்மியமும் இருந்தன. ஆகஸ்டில் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சோதித்தது. காட்மியம் அளவுக்கு மேல் இருப்பதைக் கண்டது. இனிமேல் கழிவை வெளியே கொடுக்கக் கூடாது என்று வாரியம் சொல்லிவிட்டது.

ஈயம் உங்களுக்குத் தெரியும். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. இது காரீயம். குழந்தைகள் உடம்பில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்மியம் என்பதும் ஓர் உலோகம். சில வகை பேட்டரிகளில் இருக்கும். மண்ணில் கலந்தால் பயிர் அதை வேர் வழியே இழுத்துக்கொள்ளும். பயிரிலிருந்து நம் உடம்புக்கு வரும். வந்தால் சீக்கிரம் வெளியே போகாது. சிறுநீரகத்தில் தங்கிவிடும். நாள் போகப் போகச் சிறுநீரகம் கெடும், எலும்பும் பலம் இழக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. உரம் என்று யார் எதைச் சும்மா கொடுத்தாலும் ‘இது என்ன, யார் சோதித்தார்கள்?’ என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி கோர்ட் கதை. கொஞ்சம் நீளம். முக்கியமானதை மட்டும் பார்ப்போம்.

கம்பெனி மாநில அரசிடம் முறையிட்டது. அரசு, ‘நிபுணர் குழு வைத்து ஆராய்ந்து, பிறகு முடிவெடு’ என்று பஞ்சாயத்துக்குச் சொன்னது. பஞ்சாயத்து அதை ஏற்காமல் கேரள ஹைகோர்ட்டுக்குப் போனது. 2003 டிசம்பர் 16ஆம் தேதி நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பு சொன்னார். நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் பொதுமக்கள் சொத்து. அரசு அதற்குக் காவல்காரன் மாதிரி. அளவுக்கு மீறி எடுக்காமல் காப்பது அரசின் கடமை, பஞ்சாயத்தின் கடமை. 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி வீட்டுக்கும் வயலுக்கும் எவ்வளவு எடுப்பாரோ, கம்பெனியும் அவ்வளவுதான் எடுக்கலாம். மீதித் தண்ணீருக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள ஒரு மாதம் தவணை.

கவனியுங்கள். ஆலையை மூடிவிடு என்று அவர் சொல்லவில்லை. தண்ணீருக்காக ஆலையையே மூடச் சொல்லும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை என்றும் சொன்னார். வேறு இடத்துத் தண்ணீரைக் கொண்டு வந்தால் ஆலை நடக்கலாம். ஊர்க் கிணற்றுத் தண்ணீரை உறிஞ்சக் கூடாது. பஞ்சாயத்துக்கு முழு வெற்றி இல்லை. ஆனால் கேட்டதன் உயிர் கிடைத்துவிட்டது.

2004 ஜனவரியில் அங்கே தண்ணீர் மாநாடு நடந்தது. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பிளாச்சிமடா பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. பிப்ரவரியில் வறட்சியைக் காரணம் காட்டி, நிலத்தடி நீர் எடுக்க மாநில அரசும் தடை போட்டது. 2004 மார்ச் மாதம் ஆலை நின்றது. பந்தல் போட்டு இரண்டு வருடம் ஆகப் போகிற நேரம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், முடியவில்லை. 2005 ஏப்ரலில் அதே ஹைகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் முந்தைய தீர்ப்பை மாற்றினார்கள். மழை சரியாகப் பெய்தால் ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம், பஞ்சாயத்து லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்றார்கள். பஞ்சாயத்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் உத்தரவையும் மீற முடியாது. அதனால் நிபந்தனைகள் போட்டு, மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு லைசென்ஸ் கொடுத்தது. கம்பெனி அதை ஏற்கவில்லை. ஆகஸ்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் காட்மியம் பிரச்சினையைச் சொல்லி ஆலையை ஓட்டத் தடை விதித்தது.

மயிலம்மா 2007 ஜனவரி 6ஆம் தேதி இறந்துபோனார். வழக்கு முடிந்ததை அவர் பார்க்கவில்லை. 2017 ஜூலையில்தான், பிளாச்சிமடாவில் மறுபடி ஆலை நடத்தும் எண்ணம் இல்லை என்று கம்பெனி சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. 2000ஆம் ஆண்டு ஆலை தொடங்கியபோது பிறந்த குழந்தைக்கு அப்போது பதினேழு வயது.

இங்கே ஒரு விஷயம். இந்த வழக்கில் எத்தனை காகிதம் வந்தது பார்த்தீர்களா? விண்ணப்பம், லைசென்ஸ், தீர்மானம், நோட்டீஸ், தண்ணீர்ச் சோதனை அறிக்கை, தீர்ப்பு. பந்தலில் உட்கார்ந்த கூலிப் பெண்களில் பலர் இவற்றை அடுத்தவரிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார்கள். இன்று உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவீர்கள். அதனால் உங்கள் ஊரில் சாயப்பட்டறையோ, தோல் பதனிடும் ஆலையோ, தண்ணீர் பாட்டில் கம்பெனியோ வந்தால், பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் லைசென்ஸ் நகலைக் கேளுங்கள். எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்று எழுதியிருக்கும், அதையும் பாருங்கள்.

கொடுக்க மாட்டேன் என்றால்? 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் வந்தது. பிளாச்சிமடாக்காரர்கள் பந்தல் போட்டபோது அந்தச் சட்டம் கிடையாது. இப்போது ஒரு வெள்ளைத்தாளில் கேள்வியை எழுதிக் கொடுத்தால் 30 நாளைக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமும் இல்லை. கிராம சபை கூடும்போதும் கேட்கலாம். கேட்டதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டார்களா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

தண்ணீர் கெட்டுப்போனது என்று சொல்லும்போது தேதியும் சொல்லுங்கள். எந்தக் கிணறு, எந்த மாதத்திலிருந்து, மட்டம் எத்தனை அடி இறங்கியது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ‘ரொம்ப நாளாகக் கெட்டுப்போச்சு’ என்றால் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நோட்டைக் காட்டினால் உட்கார்ந்து கேட்பார்.

சரி, பிளாச்சிமடா மக்களுக்கு நட்ட ஈடு கிடைத்ததா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கேரள அரசு ஓர் உயர்நிலைக் குழு அமைத்தது. விவசாயம் போனது, கூலி போனது, உடம்பு கெட்டது, தண்ணீர் கெட்டது எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து 216 கோடி ரூபாய்க்கு மேல் சேதம் என்று 2010 மார்ச்சில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. கம்பெனி அதை ஒப்புக்கொள்ளவில்லை. நட்ட ஈட்டை வாங்கித் தருவதற்காகத் தனித் தீர்ப்பாயம் அமைக்க, 2011 பிப்ரவரி 24ஆம் தேதி கேரளச் சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மசோதா என்றால் சட்டமாவதற்கு முந்தைய வரைவு. இந்த மசோதா ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால்தான் சட்டம் ஆகும் என்ற நிலை. டெல்லிக்குப் போன மசோதா வருடக்கணக்கில் அங்கே கிடந்தது. கடைசியில் ஒப்புதல் இல்லாமலே திரும்பி வந்தது. அந்த மசோதாவில் சொன்ன தீர்ப்பாயம் அமையவில்லை. ஆலையை நிறுத்த ஒரு பஞ்சாயத்தின் தீர்மானத்திலிருந்து தொடங்க முடிந்தது. கெட்டுப்போன கிணற்றுக்கு ஈடு வாங்கப் பஞ்சாயத்தின் கை எட்டவில்லை.

பேச்சு இவ்வளவுதான். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.